அறிவியல் புனைவை ஊடகங்களோடு சேர்த்து ஆராய்தல்: குமரி மாவட்ட மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்துக் கல்லூரிகளில் ஆங்கிலமோ தமிழோ முதுகலை படிக்கும் மாணவர்களில் சிலர் அறிவியல் புனைவைத் திட்டக் கட்டுரைக்குப் பொருளாக எடுக்க விரும்புகிறார்கள். அந்த விருப்பம் பெரும்பாலும் ஒரு திரைப்படத்திலிருந்தோ சிறுவயதில் படித்த படக்கதையிலிருந்தோ பிறக்கிறது. ஆனால் எழுதி முடித்த கட்டுரையில் அந்தப் படமும் இருப்பதில்லை, படக்கதையும் இருப்பதில்லை. கதைச்சுருக்கம் இருக்கிறது, அதன் தலையில் மேலைநாட்டுக் கோட்பாட்டாளர் ஒருவரின் பெயர் இருக்கிறது. ஒரு கற்பனை வார இதழில் தொடராக வரும்போது ஒரு விதமாகவும், வானொலியில் ஒலிக்கும்போது வேறு விதமாகவும், திரையில் உருப்பெறும்போது இன்னொரு விதமாகவும் இயங்குகிறது. அந்த வேறுபாட்டைக் கண்டு அதற்குக் காரணம் சொல்வதே இத்துறையின் வேலை. அதை எங்கிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது, எங்கே கவனமாக இருப்பது என்பதை முதன்முறையாக ஆய்வுக்குள் வருபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ என்னும் ஆய்விதழ் 1959இல் தொடங்கியது. அறிவியல் புனைவு ஆய்வாளர் சங்கம் 1970இல் அமைந்தது. பிரிட்டனில் ‘ஃபவுண்டேஷன்’ 1972இலும், அமெரிக்காவில் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டடீஸ்’ 1973இலும் வந்தன. திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமான ஆய்விதழ் ஒன்று 2008இல்தான் லிவர்பூல் பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வரத் தொடங்கியது. இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இடையில் கிடக்கும் நீண்ட இடைவெளியை மட்டும் கவனியுங்கள். இத்துறையின் கலைச்சொற்களை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் நாவல் படித்துப் பழகிய இலக்கிய ஆசிரியர்கள். அச்சொற்களைத் திரைக்கோ படக்கதைக்கோ அப்படியே கொண்டுபோனால் இடிக்கும். நம் நாட்டில் அறிவியல் புனைவு ஆய்வுக்கான இந்தியச் சங்கம் 1998இல் வேலூரில் தொடங்கப்பட்டது.

தலைப்பை இறுக்குங்கள்

முதற்படி தலைப்பு. ‘தமிழில் அறிவியல் புனைவு: ஓர் ஆய்வு’ என்பது போன்ற தலைப்பை வழிகாட்டும் ஆசிரியரே ஏற்றுக்கொண்டாலும் நீங்கள் ஏற்காதீர்கள். அறுபது எழுபது பக்கக் கட்டுரை அந்தச் சுமையைத் தாங்காது. ஒரு புதுமை, இரண்டு ஊடகங்கள் (அல்லது ஒரே ஊடகத்தில் இரண்டு வடிவங்கள்), ஒரு கேள்வி என்ற அளவோடு நில்லுங்கள்.

‘புதுமை’ என்று நான் சொல்வதை டார்க்கோ சூவின் என்ற அறிவியல் புனைவுக் கோட்பாட்டாளர் ‘நோவம்’ என்று அழைத்தார். எர்ன்ஸ்ட் பிளாக் என்ற ஜெர்மானியத் தத்துவவாதியிடமிருந்து எடுத்த அச்சொல்லைத் தம் 1979ஆம் ஆண்டு நூலில் இத்துறையின் மையமாக்கினார். கதையின் உலகை நம் உலகிலிருந்து பிரித்து நிறுத்துவதும், அறிவுக்கு ஒவ்வும் ஏதோ ஒரு காரணத்தோடு வருவதுமான பொருள் அல்லது நிகழ்வு அது: ஓர் இயந்திர நாய், காலத்தைக் கடக்கும் கடிகாரம், வேறு கிரகத்திலிருந்து வரும் விருந்தாளி. நீங்கள் எடுத்துக்கொண்ட கதையில் அது எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் கதையை மாற்றுங்கள், அல்லது அது அறிவியல் புனைவுதானா என்பதையே கேள்வியாக்குங்கள்.

தமிழில் தொடங்க எளிதான இடம் சுஜாதா. ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது, நூலானது, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. எழுத்தில் ஜீனோ என்ற இயந்திர நாய் பெரும்பகுதி தன் பேச்சால்தான் உயிர்பெறுகிறது. அது எப்படி நடக்கிறது, எப்படி அமர்கிறது என்பதை வாசகரே நிரப்பிக்கொள்கிறார். தொலைக்காட்சியில் ஜீனோவுக்கு ஓர் உடல் வேண்டும், அந்த உடலை யாராவது செய்தாக வேண்டும், செய்ததைப் படப்பிடிப்பில் அசைத்தாக வேண்டும். பேச்சால் உருவான பாத்திரம் உடல் பெறும்போது எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது என்பது ஒரு முழுக் கட்டுரைக்குப் போதுமான கேள்வி.

விளவங்கோடு, கல்குளம் வட்டங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. மலையாளத்தைத் திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள் இல்லாமலே கேட்டுப் புரிந்துகொள்வீர்கள், பலர் வாசிக்கவும் செய்வீர்கள். வெளிநாட்டில் வேலைசெய்யும் மகன், ஊரில் தனித்திருக்கும் முதிய தந்தைக்குத் துணையாக ஓர் இயந்திர மனிதனைக் கொண்டுவரும் கதையான ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’ 2019இல் மலையாளத்தில் வந்தது. அதைத் தமிழில் ‘கூகுள் குட்டப்பா’ என்று 2022இல் மறுபடி எடுத்தார்கள். இரண்டிலும் புதுமை ஒன்றே, ஊடகமும் ஒன்றே, மொழியும் ஊரும் வேறு. வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். இந்த இணையை எடுப்பவர் ‘எது நல்ல படம்’ என்ற கேள்வியில் விழாமல், அந்த இயந்திரத்துக்கு ஊரார் எந்த உறவுமுறையைக் கொடுக்கிறார்கள், எந்தக் காட்சியில் அதை இயந்திரமாக நினைப்பதை நிறுத்துகிறார்கள் என்று இரு படங்களிலும் தேடலாம்.

ஒரே படையெடுப்பு, மூன்று ஊடகங்கள்

ஊடகத்தோடு சேர்த்துப் படிப்பது என்றால் என்ன என்பதை ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். இதற்கு எச். ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ என்ற செவ்வாய்க் கிரகப் படையெடுப்புக் கதையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

அக்கதை 1897இல் ‘பியர்சன்ஸ்’ மாத இதழில் படங்களோடு தொடராக வந்து, 1898இல் நூலாயிற்று. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் வோக்கிங் அருகே ஒரு வெட்டவெளியில் உருளை வந்து விழுகிறது. கதை சொல்பவர் எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறார். அவர் பிழைத்துவிட்டார் என்பது முதல் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரியும். ஆகையால் பயத்தைவிடச் சிந்தனைக்கு இடம் அதிகம். ஐரோப்பியர் டாஸ்மேனிய மக்களை அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டி, இப்போது செவ்வாய்க்காரர்கள் நம்மை அப்படிச் செய்தால் முறையிட நமக்கு என்ன தகுதி என்று வெல்ஸ் கேட்க முடிவது, நிதானமாகப் பேச நாவல் இடம் கொடுப்பதால்தான்.

1938 அக்டோபர் 30 இரவு ஆர்சன் வெல்ஸ் (நாவலாசிரியர் வெல்ஸ் வேறு, இவர் வேறு) குழுவினர் இதை அமெரிக்காவில் சி.பி.எஸ். வானொலியில் நாடகமாக்கினார்கள். கதை நியூ ஜெர்சியில் உள்ள க்ரோவர்ஸ் மில் என்ற உண்மையான ஊருக்கு மாற்றப்பட்டது. நடன இசை ஒலித்துக்கொண்டிருக்கும், இடையில் செய்தி அறிவிப்பு குறுக்கிடும், மறுபடி இசை, மறுபடி அறிவிப்பு. பின்னர் நிகழ்விடத்திலிருந்து செய்தியாளர் பேசிக்கொண்டே இருக்கிறார். வெப்பக்கதிரின் தீ பரவுவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் அறுந்துபோகிறது. அதன் பிறகு சில நொடிகள் எதுவும் இல்லை. பதிவைக் காதொலிக்கருவியில் கேட்டு, அந்த மௌனத்தை ஒரு கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். அச்சில் வெற்றிடத்துக்கு இந்த வலிமை கிடையாது. வானொலியில் மௌனம் என்றால் நிலையமே போய்விட்டது என்று பொருள். செவ்வாய்க்காரர்களைக் காட்டாமல், அவர்களால் அறுந்த ஒலியைக் கொடுத்தே அந்த நாடகம் காரியத்தைச் சாதித்தது. நாகர்கோவில் வானொலியில் பழைய பாட்டு ஒலிக்கும்போது இடைமறித்து, ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஏதோ விழுந்திருக்கிறது, அடுத்த தகவல் தோவாளையிலிருந்து என்று ஒருவர் நிதானமாக அறிவித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால், ஊர்ப்பெயரை மாற்றியதன் காரணம் விளங்கும்.

மறுநாள் நாளேடுகள் நாடெங்கும் மக்கள் அலறியோடியதாக எழுதின. ஹாட்லி கான்ட்ரில் என்ற உளவியலாளர் 1940இல் அந்தப் பீதியைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் பின்வந்த ஆய்வாளர்கள் பலர், பீதி அந்த அளவுக்கு இருந்ததில்லை, விளம்பர வருமானத்தில் போட்டியாக வந்துவிட்ட வானொலியின் நம்பகத்தன்மையைக் குலைக்க நாளேடுகள் ஊதிப் பெருக்கின என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே ‘அந்த நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே ஓடியது’ என்று யாராவது மேற்கோள் காட்டினால் அதை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஓர் ஊடகத்தைப் பற்றி இன்னோர் ஊடகம் சொல்லும் சாட்சியத்தை ஐயத்தோடு அணுகுவது இத்துறையில் முதலில் பழக வேண்டிய ஒழுக்கம்.

1953இல் ஜார்ஜ் பால் தயாரித்த திரைப்படத்தில் கதை கலிஃபோர்னியாவுக்கு வந்தது. எச். ஜி. வெல்ஸின் மூன்றுகால் இயந்திரங்களை நடக்க வைப்பது அன்றைய நுட்பத்துக்குக் கடினம். ஆகையால் திருக்கை மீனின் வடிவில் மிதக்கும் கலங்கள் வந்தன. அணுகுண்டு போடுகிறார்கள், அதுவும் பலிக்கவில்லை. கதையை மாற்றிவிட்டார்கள் என்று குறைசொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. திரைக்குப் பின்னால் இருந்த பொறியியல் வரம்பும், குளிர்ப்போர்க்கால அணுகுண்டு அச்சமும் சேர்ந்து அந்த உருவத்தை எப்படித் தீர்மானித்தன என்று எழுதினால் அது ஆய்வு.

மூலத்தைத் தேடுவது

அடுத்த படி மூலத்தைத் திரட்டுவது. இதில் பலர் அவசரப்படுகிறார்கள். கடையில் கிடைக்கும் மறுபதிப்பு நூலும் கைப்பேசியில் ஓடும் படமும் போதும் என்று நினைக்கிறார்கள். தொடர்கதையை ஆராய்பவருக்கு வார இதழின் பக்கமே மூலம். ஒவ்வொரு வாரமும் கதை எந்த இடத்தில் நின்றது, அந்தப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது, எதிர்ப்பக்கத்தில் எந்த விளம்பரம் இருந்தது என்பதெல்லாம் நூலாகும்போது மறைந்துபோகும். ‘தொடரும்’ என்ற சொல்லைச் சுற்றித்தான் அக்கதை கட்டப்பட்டிருக்கும். நூலில் அது சாதாரண அத்தியாய முடிவாகிவிடும்.

பழைய இதழ்களைத் தேட முதலில் வீடுகளுக்குப் போங்கள். வாரந்தோறும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து வைத்து, முடிந்ததும் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் நம் பக்கத்து வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை இருந்தது. பெட்டியிலோ பரணிலோ அப்படி ஒன்று கிடைத்தால் அது நல்ல நூலகத்திலும் கிடைக்காத சான்று. ஆனால் அதில் இதழின் அட்டை இருக்காது, தேதியும் பெரும்பாலும் இருக்காது. பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கத்தில் தங்கிவிட்ட துணுக்கோ, பட விளம்பரமோ, தேர்தல் செய்தியோ இருக்கும். அதை வைத்து மாதத்தைக் கணிக்கலாம். பைண்டு செய்தவர் எதையெல்லாம் வெட்டி எறிந்தார், ஓரத்தில் என்ன எழுதினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசகரைப் பற்றிய நேரடித் தடயம் அதைவிட அபூர்வமாகவே கிடைக்கும்.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகமும் உங்கள் கல்லூரி நூலகமும் இரண்டாம் படி. அங்கே இல்லையென்றால் சென்னையை நினைப்பதற்கு முன் திருவனந்தபுரத்தை நினையுங்கள். 1829இல் தொடங்கிய மாநில மைய நூலகம் அங்கே இருக்கிறது. காலையில் ரயில் ஏறினால் வேலையை முடித்து அன்றே திரும்பலாம். டிசம்பரில் அங்கு நடக்கும் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் எளிதில் கிடைக்காத அறிவியல் புனைவுப் படங்களைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பும் வருவதுண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் பழைய தமிழ் இதழ்களுக்கு முக்கியமானவை. போகுமுன் மின்னஞ்சலில் இதழின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘பழைய விகடன் இருக்கிறதா’ என்று கேட்டால் பதில் வராது.

இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இன்டர்நெட் ஆர்க்கைவும் பயன்படும். மேலே சொன்ன வானொலி நாடகத்தின் பதிவை ஆர்க்கைவில் கேட்கலாம். ஆங்கிலத்தில் அறிவியல் புனைவுக் கலைக்களஞ்சியம் 2011 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூலாசிரியர், படம், கருப்பொருள் எதைத் தேடினாலும் முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள். தலைப்பை உறுதிசெய்யும் முன் ‘சோத்கங்கா’ ஆய்வேட்டுத் தளத்தில் அதே பொருளில் யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அவர் ஊடகத்தைத் தொட்டிருக்கிறாரா என்று பாருங்கள், பெரும்பாலும் தொட்டிருக்கமாட்டார்.

பார்ப்பதும் குறிப்பெடுப்பதும்

முதல் தடவை எதையும் எழுதாமல் பாருங்கள், அல்லது படியுங்கள். இரண்டாம் தடவை ஒரு நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: நேரம் அல்லது பக்கம், கண்ணில் படுவது, காதில் விழுவது, புதுமை அந்த இடத்தில் என்ன செய்கிறது. முழுப் படத்துக்கும் இப்படி எழுத வேண்டியதில்லை. புதுமை முதன்முதலில் தோன்றும் காட்சி, அது விதியை மீறும் காட்சி, அது நீங்கும் காட்சி ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு ஷாட்டாக எழுதினால் போதும்.

படக்கதையில் இது எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் இதழாக வெளியிட்டது இரும்புக்கை மாயாவியை. 1962இல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய தொடர் அது. கதாநாயகன் மீது மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஒரு கட்டத்தை எடுத்துக் கூர்ந்து பாருங்கள். அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, பயந்த முகங்கள் இருக்கின்றன, நடுவே ஒரு கை மட்டும் தொங்குகிறது. அந்தக் கையிலிருந்து தோள் எங்கே இருக்கும், முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்பதை உங்கள் கண்ணே கணக்கிட்டுக்கொள்கிறது. பேச்சுக்குமிழின் வால் வெற்றிடத்தை நோக்கி நீண்டிருந்தால், அந்த இடத்தில் வாய் இருக்கிறது என்று நம்பிவிடுகிறீர்கள். அசையாத கோட்டோவியத்தில் மறைவு என்பது வரையாமல் விடுவது. செலவே இல்லாத தந்திரம். திரையில் அதையே செய்ய அந்நாளில் கம்பியும் இரட்டைப் பதிவும் வேண்டியிருந்தன. மேலும் வேலியண்டில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்த கதை தமிழில் ஒரே இதழில் முழுக்கதையாக வந்ததால், சில பக்கங்களுக்கு ஒருமுறை காரணமில்லாமல் ஓர் அதிர்ச்சி வரும். அது கதாசிரியரின் பலவீனமன்று, அங்கே ஒரு வாரம் முடிந்திருக்கிறது. ஆங்கில எழுத்தின் அளவுக்கு வரைந்த குமிழுக்குள் தமிழ் வசனத்தை அடக்க மொழிபெயர்ப்பாளர் எதைச் சுருக்கினார் என்பதையும் ஒப்பிடலாம்.

தமிழ்த் திரைப்படத்துக்கு வரும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும்: பாட்டை என்ன செய்வது? ஆங்கில ஆய்வுநூல்களைப் படித்துவிட்டு வரும் மாணவர், பாடல் காட்சிகளைக் குறிப்பெடுக்காமல் தாவிவிடுகிறார். இது எனக்கு ஒப்பாத வழக்கம். இந்தியத் திரையில் வேற்றுக்கிரகத்தாரைக் காட்டிய முதற்படமாகப் பரவலாகக் கருதப்படும் ‘கலை அரசி’ 1963இல் வந்தது. அதில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருவதே இங்குள்ள ஒரு பாடகியைக் கொண்டுபோய்த் தங்கள் உலகுக்குக் கலையைக் கற்பிப்பதற்காகத்தான். படத்தின் புதுமையும் பாட்டும் ஒரே இழை. 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தில் விஞ்ஞானிக்கும் அவர் செய்த இயந்திரத்துக்கும் ரஜினிகாந்தின் ஒரே முகம். நம் சினிமாவில் எத்தனையோ ஆண்டுகளாக அண்ணன் தம்பிக்கும் அப்பா மகனுக்கும் பயன்பட்ட இரட்டை வேடம் இங்கே படைத்தவனுக்கும் படைப்புக்கும் பயன்படுகிறது. சிட்டி என்ற அந்த இயந்திரம் திரையில் வரும்போது பார்வையாளர் இயந்திரத்தைப் பார்க்கிறாரா, நட்சத்திரத்தைப் பார்க்கிறாரா? திரையரங்கில் விசில் எந்த இடத்தில் எழுகிறது என்பதுகூட இதற்குச் சான்றாகும். இதற்கு விடைதேட அயல்நாட்டு ரோபோ படங்களின் ஆய்வு பாதிவழிதான் வரும். மீதிக்குத் தமிழ் சினிமாவின் இரட்டை வேட வரலாற்றைப் படிக்க வேண்டும்.

விளையாட்டுகளை எடுக்க விரும்புவோர்க்கு ஒரு வரி: 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் உருவான ‘ஸ்பேஸ்வார்’ தொட்டே கணினி விளையாட்டும் அறிவியல் புனைவும் ஒட்டிப் பிறந்தவை, ஆனால் விளையாடியதைப் பதிவுசெய்து வைக்காமல் இத்தலைப்பைத் தொடாதீர்கள்.

கோட்பாடு எவ்வளவு வேண்டும்

குறிப்புகள் கையில் வந்த பிறகே கோட்பாட்டுக்குப் போங்கள். முன்னதாகப் போனால், தேடுவது மட்டுமே கண்ணில் படும். மேலே சொன்ன டார்க்கோ சூவின், அறிவியல் புனைவை ‘அறிவுசார் அந்நியமாக்கல்’ என்று வரையறுத்தார்: பழகிய உலகை அந்நியமாக்கிக் காட்ட வேண்டும், அந்த அந்நியம் அறிவுக்குப் பொருந்தவும் வேண்டும். நாவலுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. திரைப்படத்துக்கு வந்தால், அங்கே வியப்பும் இரைச்சலும் இடிபாடுமே முன்னால் நிற்கின்றன. அமெரிக்க விமர்சகர் சூசன் சொன்டாக் 1965இலேயே இதைக் கவனித்து, அறிவியல் புனைவுப் படங்கள் அறிவியலைப் பற்றியவை அல்ல, பேரழிவைப் பற்றியவை என்று எழுதினார். திரையை ஆராய்பவர் அந்தக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம்.

ஒரு கதை ஊடகம் மாறுவதை ஆராய லிண்டா ஹட்சியனின் 2006ஆம் ஆண்டு நூல் உதவும். சொல்லுதல், காட்டுதல், பங்கேற்கச் செய்தல் என்று அவர் பிரிக்கும் மூன்றும் புதியவர்க்கு நல்ல பிடிமானம். ஒரே கதையுலகம் படம், விளையாட்டு, படக்கதை எனத் துண்டு துண்டாகப் பரவுவதை ஆராய்வதென்றால் அதே ஆண்டு வந்த ஹென்றி ஜென்கின்ஸின் நூல். காலனியமும் அறிவியல் புனைவும் என்றால் ஜான் ரீடரின் 2008ஆம் ஆண்டு நூல். டாஸ்மேனியா பற்றிய வெல்ஸின் வரிகளை அதோடு வைத்துப் படிக்கலாம். இந்திய மொழிகளின் பரப்பைப் பார்க்க சுபர்ணோ பானர்ஜியின் 2020ஆம் ஆண்டு நூல். இவை அனைத்தையும் ஒரே கட்டுரையில் நுழைக்காதீர்கள். ஒருவர் போதும், கூடிப்போனால் இருவர். அவர்களோடும் எங்காவது ஓரிடத்தில் நீங்கள் மாறுபட வேண்டும். அதற்குத்தான் அந்த நான்கு பத்தி நோட்டு.

நம் ஊர்ப் பொருள்கள்

இம்மாவட்டத்திலிருந்து வரும் தலைப்புகளில் இரண்டு அடிக்கடி வந்து நிற்கும். முதலாவது குமரிக்கண்டம். கடலைப் பார்த்து வளர்ந்தவர்க்கு அந்த ஈர்ப்பு இயல்பு. ஆனால் அதை அறிவியல் புனைவு என்று ஒரே கோட்டில் எழுதிவிட்டால் குழப்பம் தொடங்கும். லெமூரியா என்ற கருதுகோளை 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட லெமூர் வகைகளை விளக்க முன்வைத்தார். கண்டத்தட்டு நகர்வுக் கோட்பாடு வந்தபின் அறிவியல் அதைக் கைவிட்டது. தமிழில் அது வேறு பாதையில் போய், வரலாறாகவும் பாடநூலாகவும் பாட்டாகவும் ஆயிற்று. அதை உண்மை வரலாறு என்று நம்பி எழுதியவரை அறிவியல் புனைவு எழுத்தாளர் என்று வகைப்படுத்துவது அவருக்கும் நியாயமன்று, துறைக்கும் நியாயமன்று. கடலில் மூழ்கிய நிலத்தைத் தெரிந்தே கற்பனையாக எடுத்தாளும் கதையோ படக்கதையோ இருந்தால் அதை எடுங்கள். அந்த நம்பிக்கையின் வரலாற்றுக்கு 2004இல் வந்த சுமதி ராமசாமியின் நூலைப் படியுங்கள்.

இரண்டாவது விண்வெளி. மாவட்ட எல்லைக்கு அப்பால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன, கே. சிவனும் வி. நாராயணனும் இம்மாவட்டத்தில் பிறந்து இஸ்ரோவின் தலைவர் பொறுப்புக்கு வந்தவர்கள். பெருமைக்குரிய செய்தி. எனினும் அதை முன்னுரையில் ஒரு பக்கம் எழுதுவதால் கட்டுரைக்கு எதுவும் சேராது. ராக்கெட் ஏவுதலை நாளேடும் தொலைக்காட்சியும் எப்படிக் கதையாக்குகின்றன, அந்தக் கதைசொல்லல் அறிவியல் புனைவுப் படங்களிடமிருந்து எதைக் கடன்வாங்குகிறது என்று கேட்டால் சேரும்.

மாவட்டத்துக்கு உண்மையிலேயே பயன்தரும் களம் வாசகரும் பார்வையாளரும்தான். 1980களில் உங்கள் ஊருக்கு எந்த நிலையத்தின் ஒளிபரப்பு எட்டியது, யார் வீட்டில் கூடிப் பார்த்தார்கள், புரியாத இடத்தை யார் விளக்கினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் எந்த நூலிலும் இல்லாத செய்தி கிடைக்கும். ஜெயமோகன் நாகர்கோவிலில் வாழும் எழுத்தாளர்; அவருடைய ‘விசும்பு’ அறிவியல் சிறுகதைத் தொகுப்பை இங்குள்ள மாணவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்பதையும் ஒரு சிறு வாசிப்புக் குழுவை வைத்து ஆராயலாம்.

நேர்காணல் என்றால் ஒப்புதல் கடிதம் தமிழில் எளிய நடையில் இருக்க வேண்டும், பெயரை மாற்றி எழுதுவதாகச் சொன்னால் மாற்ற வேண்டும். பேரழிவுப் படங்களைப் பற்றிக் கடற்கரை ஊர்களில் கேட்க நினைப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் இழந்தவையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் தூத்தூர்ப் பகுதி இழந்தவையும் அங்கே இன்னும் வீட்டுச் சுவரில் மாலையிட்ட படங்களாக இருக்கின்றன. கணினியில் எழுப்பிய பேரலையைக் காட்டி ‘உங்களுக்கு என்ன தோன்றியது’ என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அவர்களாகப் பேச்சை எடுத்தால் கேளுங்கள். பங்குத்தந்தையிடமோ ஊர்க் குழுவிடமோ முதலில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எழுதி ஒப்படைப்பது

எழுதும்போது ஒவ்வொரு பத்தியிலும் ஊடகம் தொடர்பான ஒரு விவரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஜீனோ மனிதர்களைவிட மனிதத்தன்மை உடையதாக விளங்குகிறது’ என்ற வாக்கியத்தைக் கதையைக் கேள்விப்பட்ட எவரும் எழுதலாம். ‘இந்த வாரப் பகுதி ஜீனோவின் கேள்வியோடு முடிகிறது, விடைக்காக வாசகர் ஏழு நாள் காத்திருக்கிறார், அந்த ஏழு நாளும் கேள்வி இயந்திரத்துடையதாக இல்லாமல் வாசகருடையதாகிவிடுகிறது’ என்பதை இதழைப் பார்த்தவர் மட்டுமே எழுத முடியும்.

திரைப்படத்தை மேற்கோள் காட்டும்போது மணி, நிமிடம், நொடி கொடுங்கள்; எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், ஏனெனில் தொலைக்காட்சியில் வெட்டி ஒளிபரப்பிய பதிப்பில் நேரம் மாறும். ஆங்கிலத் துறை மாணவர்கள் பெரும்பாலும் எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) மேற்கோள் முறையைப் பின்பற்றுகிறார்கள், 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் படம், ஒலிப்பதிவு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. தமிழ் மேற்கோளை ஆங்கிலக் கட்டுரையில் தரும்போது மூலத்தையும் உங்கள் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே கொடுங்கள். படக்கதைக் கட்டங்களையோ திரைக்காட்சிகளையோ அச்சிட்டால் ஆய்வுக்குத் தேவையான அளவோடு நிறுத்தி, உரிமை யாருடையது என்று கீழே எழுதுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. ஆனால் கதைச்சுருக்கத்தை இணையத்திலிருந்து எடுப்பவர்கள் அந்த எல்லையை முதல் அத்தியாயத்திலேயே தாண்டிவிடுகிறார்கள். கதைச்சுருக்கம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், அதையும் உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது நீங்கள் விரிவாக ஆராய்ந்த காட்சித் துணுக்கையோ ஒலித் துணுக்கையோ ஒரு நிமிடத்துக்கு மிகாமல் வெட்டி எடுத்துச் செல்லுங்கள். வெளித்தேர்வாளர் அந்தப் படத்தைப் பார்க்காதவராக இருக்கலாம். அவருக்குக் கதையைச் சொல்லத் தொடங்காமல் முதலில் துணுக்கை ஓடவிட்டுப் பிறகு பேசுங்கள். கல்லூரிக் கணினியின் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று முந்தைய நாளே துறை அலுவலக உதவியாளரிடம் சொல்லிச் சரிபார்த்துவிடுங்கள், கோப்பை ஒரு பென்டிரைவில் தனியாகவும் வைத்திருங்கள்.